குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா

தட்டு நிறைய லட்டு இருக்கிறது. அண்ணன் கிட்டுவும் தங்கை பட்டுவும் ஆளுக்கு நான்காகத் தின்கிறார்கள். எட்டு லட்டும் தீர்ந்து தட்டு காலியாகிறது. தோ பாயோவில் வளரும் நீங்களும் பாலர் பள்ளியில் இந்தப் பாடலைக் கைதட்டிப் பாடியிருக்கலாம். இதை எழுதியவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

இவர் 1922ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் தமிழ்நாட்டின் புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள இராயவரத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. வேலை தேடிச் சென்னைக்குச் சென்றவர், 1940இல் ‘சக்தி’ இதழ் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கு எழுத்தாளர் தி.ஜ.ர. இவருடைய ஆர்வத்தைக் கண்டு, எழுதும்படி ஊக்கப்படுத்தினார்.

அடுத்த ஆண்டு வள்ளியப்பா இந்தியன் வங்கியில் பணிக்குச் சேர்ந்தார். நாற்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். பகலில் வங்கிக் கணக்குகளைப் பார்த்தார். எஞ்சிய நேரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். பெரியவர்களுக்காக எழுதினால்தான் பெயர் கிடைக்கும் என்று அவர் எண்ணவில்லை. குழந்தைகளுக்கு நல்ல நூல்கள் வேண்டும் என்பதே அவருடைய கவலை.

1944இல் 23 பாடல்களைத் தொகுத்து ‘மலரும் உள்ளம்’ என்னும் நூலை வெளியிட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பின், அதே பெயரில் 135 பாடல்களும் படங்களும் கொண்ட பெரிய தொகுதி வந்தது. நாய்க்குட்டி, மாம்பழம், லட்டு எனக் குழந்தைகள் நாள்தோறும் காணும் பொருள்களே அவருடைய பாடல்களில் இடம்பெற்றன. சிறிய சொற்களும் துள்ளும் ஓசையும் இருந்ததால், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் கேட்டவுடன் பாடியது. லட்டுப் பாடலைப் பாடும் குழந்தை, பங்கிட்டு உண்ணவும் எண்ணவும் தன்னை அறியாமலே கற்றுக்கொள்கிறது.

தாம் ஒருவர் எழுதினால் போதாது என்று கருதிய வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். புதியவர்கள் பலரை எழுதத் தூண்டினார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ‘கோகுலம்’ சிறுவர் இதழின் ஆசிரியராகப் பொறுப்பேற்றார்.

1989ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய பெயரை அறியாத குழந்தைகள்கூட இன்றும் அவருடைய பாடல்களைப் பாடுகிறார்கள். தாத்தா பாட்டியிடமிருந்து பெற்றோருக்கும், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கும் அவை வாய்வழியாக வந்து சேர்கின்றன. உங்கள் வீட்டில் தம்பி தங்கை இருந்தால், அடுத்து அவற்றைப் பாடிக் காட்டவேண்டியவர் நீங்கள்தான்.