ஞானசந்திர கோஷ்

நீரின்றி உலகம் இல்லை. உப்பின்றி உணவு சுவைப்பதில்லை. அன்றாடம் நாம் கையாளும் இவ்விரு பொருள்களும் ஒன்று கலந்தவிடத்துப் பெரியதொரு வியப்பு நிகழ்கின்றது. தூய நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதில்லை. உலர்ந்த உப்புக் கட்டியும் கடத்துவதில்லை. ஆயினும், உப்பு நீரிற் கரைந்ததும் அக்கரைசல் மின்சாரத்தை நன்கு கடத்துகின்றது. இதன் நுட்பத்தை ஆராய்ந்து, இளம் பருவத்திலேயே உலகப் புகழ் எய்தியவர் நம் நாட்டு வேதியியல் அறிஞர் ஞானசந்திர கோஷ் ஆவார்.

இவர் 1894 ஆம் ஆண்டில், இன்று மேற்கு வங்க மாநிலத்தில் உள்ள புரூலியாவில் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றார். ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய் இவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்ற மேகநாத சாகாவும் சத்தியேந்திரநாத போசும் இவருடன் பயின்ற மாணாக்கர். நல்லாசிரியரும் நன்னண்பரும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற கோஷ், 1915 ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்று, கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியற் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார்.

உப்பு நீரிற் கரையும்பொழுது மின்னேற்றம் பெற்ற நுண்டுகள்களாகப் பிரிகின்றது. சோடியம் நேர்மின்னும், குளோரின் எதிர்மின்னும் ஏற்று நிற்கும். இவற்றை அயனிகள் என்பர். இவ்வுண்மையைச் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியசு 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவினார். கரைந்த பொருளில் ஒரு பகுதியே அயனிகளாகப் பிரியும் என்பது அவர் கொள்கை. காடி போன்ற மென்மையான அமிலங்களுக்கு அக்கொள்கை பொருந்திற்று, சோற்றுப்புக்கோ பொருந்தவில்லை. இம்முரண் அறிஞர்களை நெடுங்காலம் மயங்கவைத்தது.

ஏறத்தாழ இருபத்து நான்கு வயதினரான கோஷ், 1918 ஆம் ஆண்டில் இதற்கு விடை கூற முன்வந்தார். இத்தகைய உப்புக்கள் நீரில் முற்றிலும் அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன என்றும், அயனிகளுக்கிடையே உள்ள மின்கவர்ச்சியே அவற்றின் இயக்கத்தைத் தடுக்கின்றது என்றும் அவர் கொண்டார். படிகத்தில் உள்ளவாறே கரைசலிலும் அயனிகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன என எண்ணி, அதற்கேற்பக் கணக்கிட்டார். இக்கட்டுரை இலண்டன் வேதியியற் கழகத்தின் இதழில் வெளிவந்தது. மேனாட்டு அறிஞர் பலரும் அதனை உற்று நோக்கினர்.

ஆயினும், அறிவியலில் ஒரு கொள்கையின் தகுதியை உறுதி செய்வது புகழன்று, அளவையே ஆகும். கோஷின் கணக்கு, கரைசலின் செறிவினது கனமூலத்தைச் சார்ந்திருந்தது; நீர்த்த கரைசல்களில் நுண்ணிதின் அளந்த அளவைகளோ வர்க்கமூலத்தையே காட்டின. 1923 ஆம் ஆண்டில் டிபை, ஹியூக்கல் என்னும் இருவர் கோஷின் கருத்தை எடுத்து ஆராய்ந்து, அதன் குறையை நீக்கினர். வெப்பத்தால் அலையும் அயனிகள் அணிவகுத்து நில்லா. ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் அதற்கு மாறான மின்னேற்றமுடைய அயனிகளே சற்று மிகுந்து, முகில்போற் சூழ்ந்திருக்கும் என அவர்கள் காட்டினர். அணிவகுப்பு என்னும் கோஷின் கருத்து வீழ்ந்தது. உப்பு முற்றிலும் பிரிகின்றது என்னும் கருத்தோ நிலைத்தது.

தம் கொள்கை திருத்தப்பெற்றதனால் கோஷ் ஊக்கம் குன்றினாரல்லர். 1921 முதல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் வேதியியற் பேராசிரியராக விளங்கி, மாணாக்கர் பலரை ஆராய்ச்சியில் ஈடுபடுத்தினார். 1939 ஆம் ஆண்டிற் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் இயக்குநர் ஆனார். அவர் காலத்தில் அங்கு வானூர்திப் பொறியியல் துறை தோன்றிற்று. விடுதலைக்குப் பின்னர்க் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். முன்பு விடுதலை வீரரைச் சிறைவைத்திருந்த இசுலிக் கட்டடத்திலேயே அக்கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. பின்னர்த் திட்டக்குழுவின் உறுப்பினராகவும் பணிபுரிந்து, 1959 ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

இன்று நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் மோட்டார் வண்டிகள் உருவாகின்றன. வண்டியின் உடற்கூட்டை நீர்க்கலவையில் மூழ்குவித்து, மின்சாரத்தைச் செலுத்தி, துருப்பிடியாதவாறு அதன்மேல் அடிப்பூச்சுப் படியச் செய்வர். மின்னேற்றம் பெற்ற நுண்டுகள்கள் நீரில் இயங்கும் இயல்பே அத்தொழிலுக்கும் அடிப்படையாகும். கோஷின் விடையிற் குறை இருந்தது; அவர் எழுப்பிய வினாவிற் குறை இல்லை. பிழை நேருமோ என அஞ்சி வாளா இருப்பவரைவிட, துணிந்து ஆராய்ந்து பிறர் திருத்த வழிவகுப்பவரே அறிவை வளர்ப்பவர் ஆவர். மாணவர்கள் இதனை உளங்கொள்வார்களாக.