விடையைத் திறக்கும் முன் ஒரு நிமிடம்

லிட்டில் இந்தியாவுக்குப் பெருவிரைவு ரயிலில் செல்லும்போது கைப்பேசியில் சதுரங்கப் புதிர்களுக்குத் தீர்வு காண்பது என் வழக்கம். மூன்று நகர்வுகளில் ‘செக்மேட்’ செய்ய வேண்டும். வழி தெரியாவிட்டால் ஒரு நிமிடத்திற்குள் விடையைத் திறந்துவிடுவேன். மிர் சுல்தான் கானின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தப் பழக்கம் என்னை உறுத்தத் தொடங்கியது.

சுல்தான் கான் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில் பிறந்தவர். சிறுவயதில் தந்தையிடம் இந்திய முறைச் சதுரங்கத்தைக் கற்றார். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம் மட்டுமே முன்னேறும். ஐரோப்பிய விதிகளை இளைஞரான பிறகே பழகினார்.

அவரை ஆதரித்த நிலக்கிழார் உமர் ஹயாத் கான், 1929ல் தம்முடன் லண்டனுக்கு அழைத்துச் சென்றார். ஐரோப்பியர்கள் ஆண்டுக்கணக்கில் படித்து வைத்திருந்த தொடக்க ஆட்ட முறைகள் சுல்தானுக்குத் தெரியாது. முதல் பயிற்சிப் போட்டியில் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆனால், சோர்ந்துவிடவில்லை. அங்குள்ள ஆட்டக்காரர்களுடன் பயிற்சி செய்தார். அதே ஆண்டு பிரிட்டிஷ் வெற்றியாளர் பட்டத்தை வென்றார்!

மனப்பாடம் செய்த நகர்வுகள் முடிந்து, சொந்தமாக யோசிக்க வேண்டிய கட்டம் வரும்போது அவரது திறமை வெளிப்பட்டது. ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த 1930-31 போட்டியில் முன்னாள் உலக வெற்றியாளர் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். 1932, 1933 ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் பட்டம் அவருக்கே கிடைத்தது. சதுரங்க ஒலிம்பியாட்டில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் விளையாடினார்.

ஆனால், உமர் ஹயாத் கான் நாடு திரும்பியபோது அவரும் திரும்ப வேண்டியதாயிற்று. ஐந்து ஆண்டுகூட நிறையாத அனைத்துலகப் பயணம் அத்துடன் நின்றது. 1966ல் பாகிஸ்தானில் காலமானார். கௌரவ ‘கிராண்ட்மாஸ்டர்’ பட்டம் 2024ல்தான் அவர் பெயருக்குக் கிடைத்தது.

திறமை இருந்தும் தொடர்ந்து ஆடும் வாய்ப்பு அவருக்கு இல்லை. எனக்கோ, புதிர்களும் பயிற்சிகளும் கைப்பேசியிலேயே குவிந்து கிடக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு யோசிக்கச் சோம்பல்படுவது நியாயமா?

சென்ற வாரம் ஒரு புதிரில் மூழ்கி, லிட்டில் இந்தியாவில் இறங்க மறந்து ஃபேரர் பார்க் வரை போய்விட்டேன். விடை கிடைக்கவில்லை. ஆனால், திறந்தும் பார்க்கவில்லை.