கிறிஸ்டோபர் டிரெசர்

கிறிஸ்டோபர் டிரெசர் (ஜூலை 4, 1834 – நவம்பர் 24, 1904) ஒரு பிரித்தானிய வடிவமைப்பாளரும், தாவரவியலாளரும், நூலாசிரியரும் ஆவார். ஜப்பானிய அழகூட்டற் கலையை இங்கிலாந்தின் பீங்கான், மட்பாண்டம், உலோகப் பொருட்கள் ஆகியவற்றில் புகுத்தியவர்களுள் முக்கியமானவர்.

இளமைக்காலம்

டிரெசர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 13ஆவது வயதில் லண்டனிலுள்ள அரசு வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தார். தாவரங்களின் அமைப்பை அழகூட்டலுக்குப் பயன்படுத்துவது குறித்து விரிவுரைகள் ஆற்றினார். தாவரவியற் பணிக்காக ஜெர்மனியின் ஜேனா பல்கலைக்கழகம் இவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. எனினும், 1860 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது அது கிடைக்கவில்லை. இதன் பின்னர் வடிவமைப்பையே தொழிலாகக் கொண்டார்.

பீங்கான் பூச்சாடிகள்

1862 இல் லண்டனில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்த ஜப்பானியப் பொருட்கள் டிரெசரைப் பெரிதும் கவர்ந்தன. பின்னர் மின்டன் நிறுவனத்துக்காகப் பீங்கான் பூச்சாடிகளை வடிவமைத்தார். இவற்றுட் சில, குளுவாசொனே எனப்படும் உலோக எனாமல் வேலைப்பாட்டைப் பின்பற்றியவை. அம்முறையில் உலோகப் பாத்திரத்தின் மீது மெல்லிய கம்பிகளால் சிறு அறைகள் அமைத்து, அவற்றில் வண்ண எனாமலை நிரப்பிச் சுடுவர். மின்டன் சாடிகளில் கம்பிகளுக்குப் பதிலாகப் பொன் கோடுகள் இடப்பட்டன. அவற்றின் இடையே நீலப்பச்சை முதலிய வண்ணங்கள் நிரப்பப்பட்டன.

ஜப்பான் பயணம்

டிரெசர் 1876 டிசம்பரில் ஜப்பானை அடைந்து, ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கினார். லண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் டோக்கியோ அருங்காட்சியகத்துக்கு அளித்த கலைப்பொருட்களை உடன் கொண்டு சென்றார். பேரரசர் மெய்ஜியைச் சந்தித்ததுடன், பல மட்பாண்டத் தொழிற்கூடங்களையும் பார்வையிட்டார். இப்பயணத்தின் அடிப்படையில் ஜப்பானின் கட்டிடக்கலை, கலை, கைத்தொழில் பற்றிய நூலை 1882 இல் வெளியிட்டார்.

பிற்காலம்

1879 இல் ஜான் ஹாரிசன் என்பவருடன் இணைந்து, மிடில்ஸ்பரோ அருகே லின்தோர்ப் மட்பாண்டத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கு பீங்கானுக்குப் பதிலாக அப்பகுதிக் களிமண்ணே பயன்படுத்தப்பட்டது. இத்தொழிற்சாலை சுமார் பத்து ஆண்டுகளே இயங்கியது.

இவரது சமகாலத்தவரான வில்லியம் மோரிஸ் கைவினையை வலியுறுத்தினார். டிரெசரோ இயந்திர உற்பத்தியை ஏற்று, அதன் வழியே சாதாரண மக்களுக்கும் நல்ல வடிவமைப்புக் கிடைக்க வேண்டும் எனக் கருதினார்.

மறைவும் மீள்கண்டுபிடிப்பும்

டிரெசர் மியூலூஸ் நகரில் காலமானார். அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த இந்நகர் இன்று பிரான்சில் உள்ளது. மறைவுக்குப் பின் இவர் பெரும்பாலும் மறக்கப்பட்டார். 1937 இல் கலை வரலாற்றாளர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் எழுதிய கட்டுரை இவர்மீது மீண்டும் கவனத்தைத் திருப்பியது. இன்று, தொழில்துறை வடிவமைப்பின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார். இவரது ஆக்கங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், மிடில்ஸ்பரோவின் டோர்மன் அருங்காட்சியகத்திலும் உள்ளன.