போல்ட்டுக்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே தங்கம்: யார் இந்த டாக்டர் ஆர்தர் வின்ட்?

ஜமைக்கா என்றதுமே நமக்கு ஞாபகம் வருவது உசேன் போல்ட்தான். அவர் முதல் ஒலிம்பிக் தங்கம் வென்றது 2008-ல். சரியாக 60 ஆண்டுகளுக்கு முன், 1948-ல், ஜமைக்காவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் ஒரு மருத்துவ மாணவர். பெயர் ஆர்தர் வின்ட்.

27 வயதில் மறுபடியும் படிப்பு

1920-ல் ஜமைக்காவின் மான்செஸ்டர் பகுதியில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் பைலட். 1947-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்தார். நம்ம வீடுகளில் 'ரொம்ப லேட்' என்று சொல்லும் வயது.

அப்போ ஒலிம்பிக்கில் ஓடுபவர்கள் விளையாட்டை வைத்து சம்பாதிக்கக் கூடாது என்பது விதி. எவ்வளவு வேகமாக ஓடினாலும், பிழைப்புக்கு வேறு தொழில் வேண்டும்.

தங்கம், வெள்ளி, ஒரு காயம்

1948 லண்டன் ஒலிம்பிக், பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஜமைக்காவுக்கு முதல் ஒலிம்பிக். 400 மீட்டரில் உலக சாதனையாளரும் சக ஜமைக்கா வீரருமான ஹெர்ப் மெக்கென்லியை முந்தினார் வின்ட். நேரம் 46.2 விநாடி. 800 மீட்டரில் அமெரிக்காவின் மல் விட்ஃபீல்டுக்கு அடுத்து வந்து வெள்ளி.

அடுத்தது 4x400 ரிலே. ஓட்டத்தின் நடுவிலேயே வின்ட்டுக்குத் தசை பிடித்துக்கொண்டது. அத்தோடு ஜமைக்காவின் பதக்க வாய்ப்பும் போச்சு.

ஹெல்சிங்கியில் 0.1 விநாடி

1952-ல் அதே நால்வர் மறுபடி வந்தார்கள்: வின்ட், லெஸ் லைங், மெக்கென்லி, ஜார்ஜ் ரோடன். 3 நிமிடம் 3.9 விநாடியில் உலக சாதனையோடு தங்கம். அமெரிக்கா 0.1 விநாடி பின்னால். 800 மீட்டரில் மட்டும் மாற்றமில்லை: மறுபடியும் விட்ஃபீல்டுக்குத் தங்கம், வின்ட்டுக்கு வெள்ளி.

அப்புறம் என்ன ஆச்சு?

1953-ல் ஓட்டத்தை நிறுத்தினார். டாக்டர் பட்டத்தோடு 1955-ல் ஜமைக்கா திரும்பினார். பின்னாளில் ஹனோவர் பகுதியில் குடியேறியபோது, அங்கேயே தங்கியிருந்த ஒரே டாக்டர் அவர்தான். 1974 முதல் 1978 வரை, சுதந்திர ஜமைக்காவின் தூதராக, தான் படித்த அதே லண்டனில் பணியாற்றினார். 1992-ல், 72 வயதில் காலமானார்.

நான்கு ஒலிம்பிக் பதக்கங்களும் நான்கே ஆண்டு இடைவெளியில் வந்தவை. 27 வயதில் 'லேட்டாக' தொடங்கிய படிப்புதான், அதற்குப் பிந்தைய அவரது வாழ்க்கையைத் தாங்கியது.