புட்டி கழுவிய சிறுவன் தந்த எவர்சில்வர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து உருக்காலைகளை நாம் அனைவரும் அறிவோம். நம்முள் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் அத்தகைய ஆலைகளில் உழைத்தே நம்மைப் படிக்க வைக்கின்றனர். அங்கு உருவாகும் கட்டடக் கம்பி இரண்டு மழை நனைந்தால் செந்துரு ஏறிவிடுகிறது. ஆனால் நாம் அன்றாடம் பள்ளிக்குக் கொண்டுவரும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், நாள் முழுவதும் தண்ணீரைத் தாங்கியும் பளபளக்கிறது. இரண்டும் இரும்பின் பிள்ளைகளே. பின் ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை தேடினால் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனுடைய வாழ்க்கையை நாம் அறிய வேண்டும். அவர்தாம் ஹாரி பிரியர்லி.

இங்கிலாந்து நாட்டின் ஷெஃபீல்டு நகரம் உருக்குக்கும் கத்திகளுக்கும் பெயர் பெற்றது. அங்கு 1871ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் பிரியர்லி பிறந்தார். தந்தை உலையில் உருக்கை உருக்கும் தொழிலாளி. குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. எனவே 12 வயதளவிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. தந்தை வேலை செய்த ஃபிர்த் உருக்காலையின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சிறுவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. அது என்ன வேலை தெரியுமா? புட்டிகளைக் கழுவும் வேலை!

இதை இழிவென்று எண்ணி அவர் சோர்ந்துவிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவுவது சிறு வேலையன்று. முந்தைய மருந்தின் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த சோதனை பிழையாகிவிடும். அங்கிருந்த ஜேம்ஸ் டெய்லர் என்னும் வேதியியலாளர், சிறுவனின் ஆர்வத்தைக் கண்டு கற்பித்து ஊக்கமளித்தார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு, இரவில் நூல்கள் என்று பிரியர்லி தாமே படித்து முன்னேறினார். உருக்கைப் பகுத்தாராயும் கலையில் வல்லவரானார். ரீகா நகரத்து உருக்காலையில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பினார். 1908இல் ஷெஃபீல்டில் இரண்டு ஆலைகள் சேர்ந்து அமைத்த பிரௌன்-ஃபிர்த் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவரே தலைவரானார். புட்டி கழுவிய கைகள் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தையே நடத்தும் நிலைக்கு உயர்ந்தன.

1912இல் துப்பாக்கி செய்யும் நிறுவனம் ஒன்று அவரிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. சுடும்போது எழும் வெப்பத்தால் துப்பாக்கிக் குழாயின் உட்புறம் விரைவில் தேய்ந்து போயிற்று. குரோமியம் கலந்த உருக்கு இதைத் தாங்குமா என்று பிரியர்லி ஆராய்ந்தார். 1913 ஆகஸ்டு 13 அன்று, நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கலந்த உருக்கு வார்க்கப்பட்டது. உருக்கின் உள்ளமைப்பைக் காண வேண்டுமானால், அதை மெருகேற்றி அமிலத்தால் அரிக்கச் செய்து உருப்பெருக்கியில் நோக்குவது வழக்கம். இந்த உருக்கையோ அமிலம் எளிதில் அரிக்கவில்லை. சோதனை கெட்டது என்று மற்றவர் தள்ளியிருக்கக் கூடும். பிரியர்லி அதையே பற்றிக்கொண்டார். வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும் இட்டுப் பார்த்தார், கறை படியவில்லை. துப்பாக்கியை விட உணவு மேசைக்கே இது ஏற்றது என்று உணர்ந்தார். போர்க்கருவிக்காகத் தொடங்கிய ஆராய்ச்சியை இறைவன் சமையலறைக்குத் திருப்பிவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் உலகம் உடனே மாலை சூட்டவில்லை. கத்தித் தொழிலாளர் முதலில் அந்த உருக்கைக் கையாள முடியாமல் திணறினர். வெட்டாத கத்தி கண்டவர் என்று அவரைக் கேலியும் செய்தனர். பின்னர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்னும் கத்தித் தொழில் மேலாளர் அதில் வெற்றி கண்டு, கறைபடாதது என்னும் பொருள்படும் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரையும் தந்தார். கண்டுபிடிப்பின் உரிமை பற்றி ஆலை நிர்வாகத்தோடு எழுந்த பிணக்கினால் 1915இல் பிரியர்லி அங்கிருந்து விலகினார். 1920இல் பெசமர் தங்கப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதே காலத்தில் ஜெர்மனியிலும் வேறு அறிஞர்கள் இத்தகைய உருக்கைக் கண்டிருந்தனர் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். பிரியர்லிக்குப் பின் அக்கூடத்தின் தலைவரான ஹேட்ஃபீல்டு, 1924இல் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த வகையை உருவாக்கினார். நம் பாட்டில்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

1941இல் தம் செல்வத்தைக் கொண்டு ஓர் அறக்கட்டளையை நிறுவிய பிரியர்லி, 1948ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று இறைவனடி சேர்ந்தார்.

இனி, அவர் தந்த செல்வத்தை நாம் பேணும் முறையைக் காண்போம். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உருக்கின் மேல் போர்த்திக்கொள்கிறது. கீறல் விழுந்தால் தானே மீண்டும் மூடிக்கொள்கிறது. இப்படலமே காவல். ஆனால் உப்பு இதற்குப் பகை. நம் மாவட்டத்தில் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து உப்பு மிகுந்திருப்பதை நாம் அறிவோம். அத்தகைய நீரைப் பல நாள் தேங்கவிட்டால் பாட்டிலில் சிறு குழிகள் விழக்கூடும். பிளீச்சிங் பவுடரும் அவ்வாறே கெடுக்கும். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். எனவே நாள்தோறும் சோப்பும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, மூடியிலுள்ள ரப்பர் வாஷரையும் கழற்றிச் சுத்தம் செய்து, திறந்தபடி கவிழ்த்து உலர்த்துவோம். வெண்மையான உப்புப் படிவுக்கு எலுமிச்சைச் சாறு கலந்த நீரே போதும்.

பாலும் பழச்சாறும் மூடிய பாட்டிலில் நெடுநேரம் இருந்தால் புளித்து, வாயு பெருகி, மூடி தெறிக்கக் கூடும். ஒற்றைச் சுவர்ப் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் கை சுடும். செம்புப் பாட்டிலில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றலாகாது. புளிப்பில் செம்பு கரைந்து வயிற்றுக்குத் தீங்கு செய்யும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆலையில் ரசாயனம் இருந்த கலத்தை எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்த வேண்டாம். தண்ணீர் பாட்டிலில் அமிலமோ மண்ணெண்ணெயோ ஊற்றிவைக்கவும் வேண்டாம். தண்ணீரென்று நம்பி ஒரு குழந்தை ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கே ஆபத்து.

நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் உழைத்த புனித சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராகப் போற்றும் நமக்கு, எந்த வேலையும் இழிவன்று. கழுவும் வேலையை ஒழுங்காகச் செய்த சிறுவனை இறைவன் உயர்த்தினார். நம் பாட்டிலை நாமே கழுவுவோம்; அன்னையர்க்கு ஒரு சுமை குறைப்போம். நமக்குத் தரப்பட்ட சிறு கடமையில் உண்மையாயிருப்போம்!