வேண்டாவெறுப்பாக எழுதிய கதை குடும்பத்தைக் கரையேற்றியது

நான்கு சகோதரிகளின் கதையைச் சொல்லும் 'லிட்டில் விமன்' நாவல் அமெரிக்காவில் வெளிவந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் பல நாட்டுப் பிள்ளைகள் அதை விரும்பிப் படிக்கின்றனர். ஆனால் லூயிசா மே ஆல்காட் அதை விரும்பி எழுதவில்லை. வீட்டு வறுமைதான் அவரை எழுத வைத்தது.

1832ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தின் ஜெர்மன்டவுனில் லூயிசா பிறந்தார். நான்கு பெண் பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை புரோன்சன் ஆல்காட் கல்வியாளர், கொள்கைப் பிடிப்புள்ளவர். பாஸ்டனில் தாம் நடத்திய பள்ளியில் கறுப்பினப் பிள்ளை ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட, பள்ளியை மூட வேண்டியதாயிற்று. 1843இல் நண்பருடன் தொடங்கிய கூட்டுப் பண்ணையும் சில மாதங்களில் கலைந்தது. கொள்கை நிலைத்தது, வருமானம் நிலைக்கவில்லை.

குடும்பச் சுமை தாய் அபிகேல் மீதும் பெண் பிள்ளைகள் மீதும் விழுந்தது. தையல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது, பிறர் வீட்டில் வேலை என்று கிடைத்ததை எல்லாம் லூயிசா செய்தார். பத்திரிகைகளுக்குப் புனைபெயரில் மர்மக் கதைகளும் எழுதினார். 1858இல் தங்கை எலிசபெத்தின் மரணம் குடும்பத்தை உலுக்கியது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இன் இறுதியில், வாஷிங்டனில் காயமடைந்த வீரர்களுக்குத் தாதியாகப் பணியாற்றச் சென்றார். சில வாரங்களிலேயே டைஃபாய்டு காய்ச்சல் தாக்கியது. பாதரசம் கலந்த மருந்து கொடுக்கப்பட்டது. உயிர் பிழைத்தாலும் பழைய உடல்நலம் திரும்பவே இல்லை. அந்த மருத்துவமனை அனுபவங்களை அவர் 1863இல் நூலாக்கினார். எழுத்தாளராக அவரைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது அந்நூல்தான்.

பெண் பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதித் தருமாறு பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ் கேட்டபோது லூயிசாவுக்கு ஆர்வமில்லை. ஆயினும் குடும்ப நிலையை எண்ணி, கான்கார்டு ஊரிலிருந்த வீட்டில் அமர்ந்து தம் சகோதரிகளின் வாழ்க்கையையே கதையாக்கினார். துடுக்கும் எழுத்தார்வமும் கொண்ட ஜோ, லூயிசாவின் சாயல். இறந்த எலிசபெத்தே கதையில் வரும் பெத்.

1868 செப்டம்பரில் முதல் பாகம் வந்ததும் பிரதிகள் வேகமாக விற்றுத் தீர்ந்தன. பதிப்பாளரின் ஆலோசனைப்படி, லூயிசா பதிப்புரிமையை விற்றுவிடாமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். அந்த ஒரு முடிவால் வருமானம் தொடர்ந்து வந்தது. குடும்பக் கடன் முழுவதும் அடைந்தது.

ஜோவைப் பக்கத்து வீட்டு லாரிக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று வாசகிகள் கடிதம் எழுதினர். ஜோ தம்மைப் போலவே மணமாகாமல் இருக்க வேண்டும் என்பது லூயிசாவின் எண்ணம். 1869இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோவுக்குத் திருமணம் நடந்தது. ஆனால் மாப்பிள்ளை லாரி அல்லர், வயதில் மூத்த ஒரு பேராசிரியர்.

பள்ளிக் குழுத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1879இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அனுமதித்தபோது, கான்கார்டில் முதலில் பெயர் பதிந்த பெண் லூயிசாவே. அதே ஆண்டு, பிள்ளை பெற்ற சில வாரங்களில் கடைசித் தங்கை மே பாரிசில் இறந்தார். அந்தப் பெண் குழந்தையை லூயிசா வரவழைத்து வளர்த்தார்.

1888 மார்ச் 4ஆம் தேதி தந்தை காலமானார். இரண்டு நாள் கழித்து, 55 வயதில், லூயிசாவும் மறைந்தார்.

அவருடைய நாவல் 1933, 1949, 1994, 2019 ஆகிய ஆண்டுகளில் ஹாலிவுட் படமாக வந்தது. ஜப்பானில் கார்ட்டூன் தொடராகவும் ஒளிபரப்பானது. சொந்தக் காலில் நிற்க நினைத்த ஜோவிடம் தம்மைக் கண்டதாகப் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பூவா எழுதியிருக்கிறார். கதை பிறந்த கான்கார்டு வீடு இன்று அருங்காட்சியகம். தந்தை அவருக்காகச் செய்து கொடுத்த சிறிய எழுதுபலகையை இன்றும் அங்கே காணலாம்.