கமலா நேரு: பணம் இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள், மருந்துதான் இல்லை

நேருவின் மனைவி, இந்திராவின் அம்மா. கமலா நேரு பற்றி உங்களுக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கும். 36 வயதில் காசநோய், அதாவது டிபி, அவரைக் கொண்டுபோனது.

1899-ல் டெல்லியில் பிறந்தவர். 16 வயதில் கல்யாணம். 1917-ல் இந்திரா. 1924-ல் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்துவிட்டது.

ஏன் சுவிட்சர்லாந்து?

1926-ல் சிகிச்சைக்காக அங்கே கிளம்பினார்கள். டிபி கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் அப்போதே உண்டு. ஆனால் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. மலைக்காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு... சானடோரியங்கள் பெரும்பாலும் நம்பியது இதைத்தான்.

ஊர் திரும்பிய கமலா முடங்கிவிடவில்லை. 1930 சட்டமறுப்புப் போராட்டத்தில் இறங்கினார். 1931 ஜனவரி 1 அன்று கைதானார்.

கடைசி இரண்டு வருஷம்

1934-ல் இமயமலை அடிவாரத்தில் உள்ள பொவாலி சானடோரியத்தில் சேர்த்தார்கள். நேரு அப்போது பக்கத்து அல்மோரா சிறையில். 1935-ல் கமலாவை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். நிலைமை மோசமானதால், செப்டம்பரில் நேருவை முன்கூட்டியே விடுதலை செய்தது பிரிட்டிஷ் அரசு. 1936 பிப்ரவரி 28 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கமலா இறந்தார்.

ஏழே வருஷத்தில், 1943-ல், ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. டிபி கிருமியை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக் அது.

நேரு பிரதமராக இருந்தபோது, 1956-ல் மெட்ராஸில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு, உலகம் டிபிக்கு சிகிச்சை தரும் முறையையே மாற்றியது.

சரி, இப்போ உங்களுக்கு என்ன?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வையா? அரசு மருத்துவமனையில் பரிசோதனை இலவசம். சிபிநாட், ட்ரூநாட் சோதனைகள் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மாத்திரைக்கு அது கட்டுப்படுமா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். சாதாரண டிபிக்கு 6 மாத மாத்திரையும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

சிக்கல் எங்கே தெரியுமா? ஒன்று, இருமல் சிரப் குடித்தே நாளைக் கடத்துவது. இன்னொன்று, இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிடுவது. அப்படி விட்டால், மருந்துக்கு அடங்காத டிபியாகத் திரும்பி வரலாம். ஆறு மாதத்தை முழுசா முடிச்சிடுங்க. கமலாவுக்கு அந்த வாய்ப்பே இல்லை.